கதவு, ஜன்னல் நீங்கலாக

"தப்பு முழுக்க உங்கள் மேல்தான். நீங்கள் யார், எந்த நாற்காலியைத் தேய்த்தவர், இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் விதி எண் பதினேழு காளான் மாதிரி தானாக முளைத்திருக்காது. யாரோ ஒரு புண்ணியவான் அது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கை விளங்குமா? உங்களால் என் அம்மா பதினான்கு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. நீங்கள் செய்ததை நீங்களே வந்து சரிசெய்துவிட்டுப் போங்கள்."

இப்படி ஒரு கடிதத்தை எழுதி, பெயின்ட் கடைக்காரி ஏழு அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பெறுநர் என்ற இடத்தில் 'சம்பந்தப்பட்டவர்' என்று போட்டிருந்தாள். ஏழு இடங்களிலிருந்தும் தவறாமல் பதில் வந்தது: "தங்கள் கடிதம் மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டது. நாங்கள் சம்பந்தப்பட்டவர் அல்ல." ஏழு அலுவலகங்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஊரில் அதுவே முதல் முறை.

பெயின்ட் கடைக்காரிக்கு ஐம்பது வயது. ஒற்றை ஆளாக நின்று கடையை வளர்த்தவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பேரம் நாக்கு நுனியில் இருக்கும். இளவயதில் அவளுக்கு வந்த ஒரே வரனிடம் கல்யாணச் செலவைப் பற்றி அவளே உட்கார்ந்து பேரம் பேசினாள். படியவில்லை. மாப்பிள்ளை எழுந்து போனபோது வழக்கப்படி அவர் திரும்பி வந்து இன்னொரு தொகை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் வரவில்லை. அந்த அளவுக்கு அவள் அப்பாவுடைய மகள்.

அப்பா, கதவுக்காரர். இடிக்கப்போகும் வீடுகளுக்குப் போய், கடப்பாரை விழுவதற்கு முன்னால் கதவு, நிலை, ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துவந்து விற்பது அவர் தொழில். இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கதவை இவரிடம் விற்ற வீட்டுக்காரர், வீட்டை இன்னொருவரிடம் விற்பார். வாங்கியவர் "கதவும் சேர்த்துத்தானே வாங்கினேன்?" என்று கையை நீட்டுவார். அதனால் வீட்டை விற்கும் பத்திரத்தில் 'கதவு, ஜன்னல் நீங்கலாக' என்று எழுதினால்தான் கதவுக்காரர் முன்பணத்தை எடுப்பார். கூடவே இன்னொரு வாசகம்: 'இப்போது உள்ளவையும் இனி பொருத்தப்படுபவையும்'. பேரம் முடிந்த மறுநாளே நல்ல கதவைக் கழற்றி ஒளித்துவிட்டு, தகரக் கதவை மாட்டி வைக்கும் மகாத்மாக்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். நாற்பத்தைந்து வருடம் சொல்லிச் சொல்லி, அந்த இரண்டு வாசகங்களும் அவருக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டன. பத்திரம் என்ற பேச்சை எடுத்தாலே வந்துவிடும்.

அப்படிப்பட்டவரைப் பயம் பிடித்தது, பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் இறந்த பிறகு. அவருடைய பிள்ளைகள் புரொபேட்டுக்காக எட்டு வருடம் அலைந்தார்கள். புரொபேட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. செத்துப்போனவரின் சொத்தை உயிரோடு இருப்பவர் தொடலாம் என்று கோர்ட் கொடுக்கும் அனுமதி. செத்தவர் எதற்கும் ஆட்சேபம் சொல்வதில்லை. ஆகவே அவர் சார்பில் மற்ற எல்லோரும் ஆட்சேபிப்பதற்குப் போதிய அவகாசம் தரப்படும். எட்டு வருடத்தில் கடையிலிருந்த கண்ணாடியெல்லாம் முகம் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டது. பிள்ளைகளின் தலையும் நரைத்துவிட்டது. அதை அவர்கள் அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பது ஒரு நல்ல காரியம்.

அதே சமயம் ஊரில் 'சொத்துத் திட்டமிடல்' என்று ஒரு புது நாகரிகம் இறங்கியிருந்தது. முன்பெல்லாம் காலை நடையில் சந்திப்பவர்கள் ஒருவருக்கொருவர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொள்வார்கள். இப்போது "உங்களுக்கு எத்தனை டிரஸ்ட்?" என்று கேட்டார்கள். ஒரு டிரஸ்ட்கூட இல்லாதவர்கள் காது கேட்காத மாதிரி வேகமாக நடந்தார்கள். ஓட்டல் அரங்கம் ஒன்றில் கோட் போட்ட ஆலோசகர் ஒருவர் 'வெறுங்கையோடு விடைபெறுவோம்' என்ற தலைப்பில் வகுப்பு நடத்தினார். டீ இலவசம் என்பதால் கதவுக்காரர் போனார்.

"ஐயா, ஒரே ஒரு ரகசியம்தான்" என்றார் ஆலோசகர். "நீங்க கண்ண மூடுறப்போ உங்க பேர்ல ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. எதுவும் இல்லாதவனுக்கு எதுக்கு புரொபேட்?"

"பொறக்கறப்போ அப்படித்தானே தம்பி இருந்தேன்? அதுக்கு அப்போ யாரும் காசு கேக்கலயே."

"அப்போ ஆவணம் இல்லாம இருந்தீங்க. இப்போ ஆவணத்தோட இருக்கணும்."

கதவுக்காரருக்கு இது பிடித்துப்போனது. கட்டணம்தான் பிடிக்கவில்லை. பத்திரம் எழுத ஒரு கட்டணம், எழுதியதைப் படித்துச் சரிபார்க்க இன்னொரு கட்டணம் என்றார் ஆலோசகர்.

"நீ எழுதுனத நீயே படிக்கிறதுக்கு நான் ஏன்யா காசு குடுக்கணும்? எழுதறப்போ கண்ண மூடிக்கிட்டா எழுதுவ?"

"அது நடைமுறை, ஐயா."

"எழுதறது மட்டும் போதும். படிக்க வேண்டாம். யாரும் படிக்க வேண்டாம். சொத்து விவரத்த நானே வாயால சொல்றேன், உங்க டைப்பிஸ்ட்ட அடிச்சுக்கச் சொல்லு. அதுக்கும் கொஞ்சம் குறைச்சுக்கோ."

பாதிக் கட்டணத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு, உலகத்தையே பாதி விலைக்கு வாங்கியவர் மாதிரி அன்று வீட்டுக்கு வந்தார். வீடு மகளுக்கு. கடை மகனுக்கு. இரண்டு தானப் பத்திரங்களும் பதிவாயின. பெயின்ட் டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கும் மகள், அப்பா கொடுத்ததைப் படிப்பது மரியாதையில்லை என்று படிக்கவில்லை. மகன் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடினான்.

அதற்குப் பிறகு கதவுக்காரர் நடந்த நடையே வேறு. "பிச்சைக்காரன்கிட்டகூட ஒரு தட்டு இருக்கும். எங்கிட்ட அதுவும் கிடையாது!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தார். எழுபத்தாறு வயதில் நிம்மதியாகப் படுத்தார். கடைசியாக அவர் சொன்னது "ஒண்ணுமில்ல" என்பது. வலியைப் பற்றிச் சொல்கிறார் என்று டாக்டர் நினைத்தார். சொத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று குடும்பத்துக்குத் தெரியும்.

ஒன்றுமில்லாமல் இறந்தவர்களுக்கு, ஒன்றுமில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பெயர் இன்மைச் சான்றிதழ். அக்காளும் தம்பியும் இறந்தோர் சொத்து அலுவலகத்தில் நாலாம் கவுன்ட்டருக்குப் போய் இரண்டு பத்திரங்களையும் நீட்டினார்கள். கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். அந்தப் பத்திரங்களை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

"வாழ்த்துகள் மேடம்" என்றார். "உங்க அப்பா நிறைய விட்டுட்டுப் போயிருக்காரு."

"எங்கப்பா ஒண்ணும் விட்டுட்டுப் போகல. அதுக்காகத்தானே அவ்வளவு பாடுபட்டார்."

"இங்க பாருங்க. 'மேற்படி வீட்டை, கதவு, ஜன்னல் நீங்கலாக, இப்போது உள்ளவையும் இனி பொருத்தப்படுபவையும் நீங்கலாக, என் மகளுக்குத் தானமாக...' வீடு உங்களுது. அதுல எந்தச் சந்தேகமும் வேண்டாம். கதவும் ஜன்னலும் இறந்தவரோடது."

தம்பி தன் பத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

"சார், கடை எனக்குத்தானே?"

"கண்டிப்பா. கடையும் அதுல உள்ள சகல பொருட்களும், கதவு ஜன்னல் நீங்கலாக. கடையில என்ன சரக்கு வச்சிருக்கீங்க?"

"கதவு. அப்புறம்... ஜன்னல்."

"வேற?"

"ரெண்டு நாற்காலி. ஒரு அளவு டேப்பு."

"அது உங்களுது" என்றார் குமாஸ்தா பெருந்தன்மையாக.

"சார், அது எங்கப்பா தும்மல் மாதிரி சொல்ற வார்த்தை!" என்று அக்காள் குரலை உயர்த்தினாள். "ஒரு மனுஷன் பழக்கதோஷத்துல தும்மினதுக்கெல்லாம் அர்த்தம் எடுத்துக்குவீங்களா?"

"பதிவு செஞ்சுட்டா தும்மலும் ஆவணம்தான் மேடம். புரொபேட்டுக்கு மனுப் போடுங்க. அதுவரைக்கும் விதி பதினேழு."

விதி பதினேழு சுருக்கமானது: 'இறந்தவருக்குச் சொந்தமான கதவு, ஜன்னல்களை, புரொபேட் உத்தரவு வரும்வரை எவரும் திறக்கவோ, மூடவோ, கழற்றவோ கூடாது, அவை உள்ளபடியே முத்திரையிடப்பட வேண்டும்.'

மறு வாரம் முத்திரை அதிகாரி வந்தார். கையில் அரக்கு, நாடா, மெழுகுவர்த்தி, தடித்த ஒரு விதிப் புத்தகம். முதலில் கடைக்குப் போய், நிலையே இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்த நானூற்று இரண்டு கதவு, ஜன்னல்களுக்கும் முத்திரை வைத்தார். அவை எதையும் திறக்கவோ மூடவோ யாராலும் முடியாது. ஆனால் கடமை கடமைதான். மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார்.

'உள்ளபடியே' என்ற சொல்லை அவர் உயிராக மதித்தார். திறந்திருந்த இரண்டு கம்பி ஜன்னல்களைத் திறந்தபடியே முத்திரையிட்டார். மழை வந்தால் வரட்டும். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. பாதியிலேயே நிறுத்தி நாடா கட்டினார். துணி அலமாரியின் முன்னால் நின்று புத்தகத்தைப் புரட்டினார்.

"அலமாரிக் கதவும் கதவுதான்."

"உள்ள எங்கம்மா துணி இருக்கு சார்."

"துணிக்கு எந்தத் தடையும் இல்ல. துணி அவங்களுதுதான்."

அரக்கு சொட்டியது. அடுத்து ஃபிரிட்ஜ். பெயின்ட் கடைக்காரி குறுக்கே பாய்ந்தாள்.

"இது நான் தவணை கட்டி வாங்கினது!"

"பெட்டி உங்களுதுதான். கதவு இந்த வீட்ல பொருத்தப்பட்டிருக்கே."

வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, சத்தமில்லாமல் போய்த் தன் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு வந்தான்.

கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எழுபத்திரண்டு வயது. முழங்கால் மக்கர் செய்யும். முதுகு மட்டும் இன்னும் நேராக இருக்கும். அதிகாரி அவளைச் சுற்றிக்கொண்டு வாசல் கதவுக்குப் போனார்.

"ஐயா, அம்மா உள்ள இருக்காங்க" என்றாள் மகள்.

"இருக்கட்டும். அவங்க கதவு இல்லயே."

"வெளிய எப்படிப் போவாங்க?"

"போகக் கூடாதுன்னு விதியில எங்கயும் கிடையாது. கதவத் திறக்கக் கூடாதுன்னுதான் இருக்கு." இப்படிச் சொல்லி, காற்று அடித்து மெழுகுவர்த்தி அணைந்துவிடாமல் இருக்கக் கதவைச் சாத்தி, கடைசி முத்திரையை அழகாகப் பதித்து, ஊதி ஆறவைத்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பி நின்றார்.



"சார்," என்றாள் பெயின்ட் கடைக்காரி மிகவும் பணிவாக, "நீங்க கிளம்பலயா?"

அதிகாரியின் முகத்தில் வேர்வை பூத்தது. பேரம் பேசுகிறவளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு முத்திரைய எடுத்துடுங்க. மத்த முப்பத்து மூணும் இருக்கட்டும். உங்களுக்கும் வீட்டுக்குப் போகணும், எங்கம்மாவுக்கும் வெளிய போகணும்."

"வைக்கிறதுக்குத்தான் மேடம் எனக்கு அதிகாரம். எடுக்கிறதுக்கு இல்ல."

"அப்போ ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க? ஃபிரிட்ஜயும் நீங்களே மூடிட்டீங்க."

அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட அதிகாரிக்கென்று தனிப் படிவம் இருப்பதாகவும், அதை நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் பதில் வந்தது. அவர் புத்தகத்தை மடியில் வைத்து வெகுநேரம் புரட்டினார். கடைசியில் முகம் மலர்ந்தது.

"மேடம்! சுவர் உங்களுது! சுவர நீங்க என்ன வேணாலும் செய்யலாம்!"

வெளியிலிருந்து தம்பி கடப்பாரையால் இடித்தான். தரையோடு ஒட்டி இரண்டரை அடியில் ஒரு ஓட்டை விழுந்தது. அதிகாரி பையை முதலில் தள்ளிவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து வெளியே போனார். எழுந்து சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வாம்மா, நீயும் ஒருதரம் போய்ப் பாத்துடு" என்றாள் மகள்.

அம்மா ஓட்டையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நிமிந்து நடந்து வந்த வீடு இது. எலி மாதிரி தவழ்ந்து வெளிய போகச் சொல்றியா? போனா அந்த வாசல் வழியாத்தான் போவேன். இல்லன்னா போகவே மாட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் எந்தப் பேரமும் நடக்காது. அன்றிலிருந்து அவள் சாத்திய கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் டாக்டர் ஓட்டை வழியாகத் தவழ்ந்து வந்து, அவளுக்கு முழங்கால் பார்த்துவிட்டு, தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே போனார். "தினமும் வெளிய கொஞ்சம் நடக்க வையுங்க. இப்படியே விட்டா கால் முடங்கிடும்" என்றார்.

ஓட்டையைப் பெரிதாக்கினால் என்ன? அதற்கும் போய்க் கேட்டாள். கட்டட அலுவலகத்தில் தெளிவாகச் சொன்னார்கள். இரண்டரை அடிக்கு மேல் போனால் அது வாசல். வாசல் என்றால் கதவு கட்டாயம். கதவு மாட்டினால் அது 'இனி பொருத்தப்படுபவை'. ஆகவே இறந்தவருடையது. ஆகவே முத்திரை.

"சரி சார், கதவு மாட்டல. சும்மா பெரிய ஓட்டையா வச்சுக்கறேன்."

"கதவில்லாத வாசலுக்கு நாங்க அனுமதி தர்றதில்ல. திருட்டுப் போயிடும் மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

இதற்கிடையே புரொபேட் மனு நகர்ந்தது. சொத்தின் மதிப்பைக் குறிக்க மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். அவரும் தவழ்ந்துதான் வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தால்தான் மதிப்புச் சொல்ல முடியும் என்றார். திறக்க புரொபேட் வேண்டும். புரொபேட்டுக்கு மதிப்பு வேண்டும். அக்காளும் தம்பியும் அவரைக் கதவு வரை கூட்டிப்போய் முத்திரையைக் காட்டினார்கள். பிறகு மதிப்பீட்டாளர் மனமிரங்கினார். "நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா அடுத்த மாசமே உத்தரவு வந்துடும்."

ஒரே மாதிரி சொன்னால் போதும். உலகத்தில் எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய காரியம். ஆனால் மதிப்புக்குத் தகுந்தபடி கட்டணம் என்று தெரிந்ததும் பெயின்ட் கடைக்காரிக்குள் இருந்த வாங்குகிற ஆள் முழித்துக்கொண்டான்.

"இதப் போய் கதவுன்னு சொல்றீங்களா சார்? கரையான் தின்னு துப்பின மிச்சம். பலமா ஒரு தும்மல் போட்டா விழுந்துடும்."

தம்பிக்கு ரோமம் சிலிர்த்துக்கொண்டது. இருபது வருடம் கதவு விற்றவன். சரக்கைப் பற்றி ஒரு குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. சொல்கிறவள் அக்காளாக இருந்தால் என்ன?

"யாருக்கா சொன்னது கரையான்னு? சார், தட்டிப் பாருங்க சார்! மணி மாதிரி கேக்கும். இந்தக் காலத்துல இப்படி மரம் எங்க கிடைக்குது? அந்தக் கீல பாருங்க, யானை கட்டித் தொங்கவிடலாம்!"

"டேய், வாய மூடு."

"நீ மூடுக்கா. உனக்குச் சுண்ணாம்பப் பத்தித்தான் தெரியும், மரத்தப் பத்தி என்ன தெரியும்?"

"விறகுக்குக்கூட ஆகாது சார், எழுதிக்கோங்க!"

"அரண்மனைக்குப் போக வேண்டிய கதவு சார், எழுதிக்கோங்க!"

மதிப்பீட்டாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'மதிப்பு குறித்து வாரிசுகளிடையே கடும் தகராறு நிலவுகிறது.' கோப்பு அன்றே தகராறுப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே போன கோப்பு எதுவும் திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. வெளியே வந்ததும் அக்காளும் தம்பியும் தலையில் அடித்துக்கொண்டார்கள். தலையில் அடித்துக்கொள்வதில் மட்டும் அன்று இரண்டு பேருக்கும் ஒரே கருத்து இருந்தது.

இந்தக் கூத்தில் லாபம் பார்த்தவர் ஒருவர் உண்டு. கோட் போட்ட ஆலோசகர் ஒருநாள் வந்து ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதமே 'கதவில்லா வாழ்வு' என்று புது வகுப்புத் தொடங்கிவிட்டார். கதவு இருந்தால்தானே முத்திரை? கதவையே ஒழித்துவிட்டால் புரொபேட் எந்த வழியாக உள்ளே வரும்? வசதியானவர்கள் கதவுகளைக் கழற்றிவிட்டு, சுவரில் இரண்டரை அடிக்கு ஓட்டை போட்டு, ஓட்டையைச் சுற்றிப் பளிங்கு பதித்தார்கள். காலை நடையில் "உங்க வீட்ல ஓட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டார்கள். விருந்துக்குப் போனவர்கள் பட்டுச் சட்டையோடு தவழ்ந்து உள்ளே போய், எழுந்து நின்று, "என்ன ஒரு காற்றோட்டம்!" என்று வியந்தார்கள். பெயின்ட் கடைக்காரியின் வீட்டை வந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அம்மாவின் கால் வீங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பெயின்ட் கடைக்காரி அந்தக் கடிதத்தை ஏழு அலுவலகங்களுக்கு அனுப்பினாள். ஏழு பதில்களையும் தூக்கிக்கொண்டு நாலாம் கவுன்ட்டருக்குப் போய் மேஜை மேல் வீசினாள்.

"எந்த மகானுபாவன்யா இந்த விதியக் கேட்டது? ஆளக் காட்டு. நான் பேசிக்கறேன்."

குமாஸ்தா அவளை இரக்கத்தோடு பார்த்தார். பதினான்கு மாதத்தில் அவருக்கும் அவள்மேல் ஒரு பாசம் வந்திருந்தது.

"மேடம், உங்களுக்காகச் சொல்றேன். பதினேழு, பொதுஜன மனு மேல போட்ட விதி. அந்த மாதிரி விதிக்கு ஒரு சலுகை உண்டு. முதல் மனுதாரர் நேர்ல வந்து மனுவ வாபஸ் வாங்கினா, அன்னிக்கே விதி ரத்து. ஆளக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"எங்க இருந்தாலும் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

பதிவறையில் அரை நாள் தூசி தின்ற பிறகு கோப்பு கிடைத்தது. நாற்பது வருடத்துப் பழசு. அவள் நின்றபடியே பிரித்தாள். 'ஐயா, இறந்தவர் வீட்டுக் கதவுகளை அவருடைய பிள்ளைகளே கழற்றிக் கண்டவருக்கும் விற்றுவிடுகிறார்கள். இதனால் ஏற்கெனவே விலை பேசி முன்பணம் கொடுத்த நேர்மையான வியாபாரிகள் நஷ்டப்படுகிறார்கள். ஆகவே, ஒருவர் இறந்தவுடன் அவருடைய கதவு, ஜன்னல்களுக்கு அரசாங்கம் முத்திரை வைக்க வேண்டும்...'

அவளுக்கு முதலில் தட்டுப்பட்டது கையெழுத்து அல்ல, எழுத்து. உருண்டை உருண்டையாக, வரிக்கு வரி கோடு போட்ட மாதிரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிய எழுத்து. அவளுடைய எழுத்து. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், எழுத வராது. பத்து வயது மகளை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிய பல நூறு காகிதங்களில் இதுவும் ஒன்று. கூலியாக இரண்டு பென்சில் டப்பா கேட்டாள், ஒன்றுக்குப் படிந்தது. அடியில் முதல் மனுதாரராக அப்பாவின் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு. அதன் கீழே மற்ற வியாபாரிகள். அதன் கீழே தம்பியை நம்பாத அண்ணன்மார், அண்ணனை நம்பாத தம்பிமார், இருவரையும் நம்பாத மருமகப்பிள்ளைகள். பதினொரு பக்கம். ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த எல்லோரும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக் கதவுக்காகப் போட்டது. கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். நாலாம் கவுன்ட்டர் குமாஸ்தாவின் அப்பா இருந்தார். இதைப் படிக்கிறவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் அதில் இருக்காது என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

அவள் கோப்பைக் கொண்டுவந்து மெதுவாகக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"கிடைச்சாரா மேடம்? கூட்டிட்டு வாங்க."

"இவர்தான் சார் இறந்தவர்."

குமாஸ்தா வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா. அப்போ வாபஸ் வாங்கற உரிமை அவரோட சொத்துல போய்ச் சேரும். புரொபேட் வந்ததும் வாரிசுங்க வாபஸ் வாங்கிக்கலாம்."

"புரொபேட் வந்துட்டா எனக்கு வாபஸ் எதுக்குய்யா?"

"அதுவும் நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டு, அவர் சொத்துப் பட்டியலை எடுத்தார். நானூற்று முப்பத்தாறு இனங்களுக்குக் கீழே நானூற்று முப்பத்தேழாவது இனமாக எழுதினார்: மனுவைத் திரும்பப் பெறும் உரிமை, ஒன்று.

"இத எழுதினது நான். இது என் எழுத்து. நான் வாபஸ் வாங்கறேன்."

"அப்போ நீங்க மைனர் மேடம்."

அவள் வீட்டுக்கு வந்தாள். ஓட்டை வழியாகத் தவழ்ந்து உள்ளே போனாள். அம்மா சாத்திய கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆளக் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"யாராம்?"

"நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளுதாம்மா."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வருடம் ஒரே ஆளோடு குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவர் கையெழுத்த எங்க வேணாலும் போடுவார். அப்புறம் என்ன ஆகும்னு யோசிக்க மாட்டார்" என்றாள். வீங்கிய காலை மெல்ல எடுத்து இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டாள்.

பெயின்ட் கடைக்காரி எழுந்து வாசல் கதவுக்கு எதிரே போய் நின்றாள். உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். தம்பி சொன்னது உண்மைதான். மணி மாதிரி கேட்டது.

"அப்பா, இங்க பாருங்க. முடிவாப் பேசிடலாம். கடையில இருக்கிற நானூத்து ரெண்டும் நீங்களே வச்சுக்கோங்க. ஜன்னல் பூராவும் வச்சுக்கோங்க. ஃபிரிட்ஜக்கூட வச்சுக்கோங்க. இந்த ஒரே ஒரு கதவ மட்டும் அம்மாவுக்கு விடுங்க. இதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது. சொன்னது நீங்க, எழுதினது நான். என் பங்குக்கு நான் ஏழு ஆபீசுக்கும் எழுதிப் போட்டுட்டேன். இனி உங்க பங்கு. செத்துட்டேன், என் பேர்ல ஒண்ணுமில்லன்னு தப்பிச்சுக்க முடியாது. பட்டியல்ல நானூத்து முப்பத்தேழு இருக்கு. எங்க இருந்தாலும் சரி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நாலாம் கவுன்ட்டருக்கு வந்து, அந்த மனுவ வாபஸ் வாங்கிட்டுப் போங்க."